சப்பை டீம் மேல் நூறு ரூபாய்

காசிமேட்டில் ஒரு ஐஸ் கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. எந்த போட்டுக்கு எத்தனை பார் ஐஸ் போனது, யார் காசு கொடுத்தார், யார் ‘வந்து தர்றேன்’ என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனார், பத்தொன்பது வருடமாக இதைத்தான் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் அக்கா மகன் என்னிடம் வந்தான். 2025 மார்ச், ஐபிஎல் தொடங்க இரண்டு நாள் இருக்கும்.

“மாமா, உங்களுக்குக் கணக்கு வரும். ஒண்ணு சொல்றேன், சரியா தப்பான்னு மட்டும் பாருங்க.”

அவனுக்கு இருபத்து மூன்று வயது. பகலில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, ராத்திரி தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் கேரம் போர்டு. அந்த கேரம் போர்டைச் சுற்றி என்னென்ன பேச்சு நடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவன் கொண்டுவந்தது வெறும் பேச்சு இல்லை. ஒரு திட்டம், அதற்கு இரண்டு காரணம்.

திட்டம் இதுதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் எந்த டீம் தோற்கும் என்று ஊர் சொல்கிறதோ அதன் மேல் நூறு ரூபாய் கட்ட வேண்டும். யோசிக்கவே கூடாது. எங்கள் பக்கத்தில் அதைச் சப்பை டீம் என்போம். கொஞ்சம் படித்தவர்கள் அன்டர்டாக் என்பார்கள். முதல் காரணம், டி20 ஆட்டத்தில் எவனும் எவனையும் அடிக்கலாம், ஒரே ஒருவன் நின்று ஆடினால் போதும். இரண்டாவது காரணம் எனக்கே பிடித்திருந்தது. “மாமா, இந்த ஊர்ல எல்லாரும் பாசத்துல சென்னை மேலதான் கட்டுறாங்க. மும்பைல மும்பை மேல. அப்போ எதிர் டீமுக்கு ரேட்டு, அதாவது ஜெயிச்சா கிடைக்கிற காசு, தேவைக்கு மேல ஏறிக் கிடக்கும் இல்ல? நாம பாசத்தை விட்டுட்டு ரேட்டை மட்டும் வாங்குவோம்.”

மீன் ஏலத்தில் நிற்கிற எவனுக்கும் இந்த நியாயம் புரியும். எல்லாரும் வஞ்சிரத்தின் மேல் விழும்போது பக்கத்துக் கூடை சங்கராவைச் சத்தமில்லாமல் அள்ளிக்கொண்டு போகிற அம்மாவைத் தினமும் பார்க்கிறேன். அதனால் அவனை அடித்து விரட்டவில்லை. “சரி, ஒரு சீசன் பார்க்கலாம். ஆனா நோட்டுல மட்டும். ஒரு ரூபா கூட கை மாறக் கூடாது” என்றேன்.

நோட்டில் மட்டும் என்று சொன்னதற்குச் சட்டம் ஒரு காரணம். தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்துக்கு 2022-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. அதே 2025 ஆகஸ்டில் நாடு முழுவதற்குமாக நாடாளுமன்றமும் ஒன்று நிறைவேற்றியது. தெருவில் ஆளை வைத்துக் கட்டுவது அதற்கும் முன்பிருந்தே குற்றம். இன்னொரு காரணம் என் அப்பா. பின்னி மில்லில் வேலை, 1996-ல் மில் மூடும்வரை. கிண்டி ரேஸ் நாட்களில் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஜெயிக்கும் என்று எல்லாரும் சொல்லும் குதிரையை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். “அதுல என்ன வரப்போவுது? அவுட்சைடர் ஒண்ணு அடிச்சா ஒரு வருசம் உக்காந்து சாப்பிடலாம்.” அடித்தது இரண்டு முறை. அந்த இரண்டு நாளும் வாங்கி வந்த பிரியாணியின் வாசனை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அடிக்காத நாட்களில் என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில் இல்லை. இந்த வித்தியாசத்தை நான் யோசித்ததே நோட்டுப் போட்ட பிறகுதான்.

நோட்டுக்கு நான் வைத்த முதல் விதி, டாஸ் போடுவதற்கு முன் ரேட்டை எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்ட ஆட்டம் கணக்கில் வராது, அது எவ்வளவு நல்ல ஆட்டமாக இருந்தாலும் சரி. பையனுக்கு இது பிடிக்கவில்லை. “ஆட்டம் முடிஞ்சப்புறம் பார்த்து எழுதினா என்ன, ரேட்டு ரேட்டுதானே” என்றான். ஐஸ் கடையில் போட் திரும்பி வந்த பிறகு, பிடித்த மீனைப் பார்த்துவிட்டு, போகும்போது எத்தனை பார் ஏற்றினேன் என்று எழுத முடியுமா? மீன் நிறைய இருந்தால் ஐஸும் நிறைய ஏற்றியதாகத்தான் ஞாபகம் வரும்.

ரேட்டை எங்கிருந்து எடுப்பது என்று ஒரு சண்டை நடந்தது. கேரம் போர்டு பக்கம் பைசாக் கணக்கில் பேசுவார்கள். ‘சென்னை 45, 47’ என்றால் சென்னை மேல் நூறு கட்டி ஜெயித்தால் 45 லாபம். சென்னை தோற்கும் என்று கட்டுகிறவன் நூறு ஜெயிக்க 47 வைக்க வேண்டும். நடுவில் இருக்கும் அந்த இரண்டு பைசா யாருக்குப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் இது ஆளுக்கு ஆள் மாறும், எழுத்திலும் இருக்காது. அதனால் வெளிநாட்டில், சட்டப்படி கடை வைத்திருப்பவர்கள் போடும் ரேட்டைக் கிரிக்கெட் செய்திகளில் மேற்கோள் காட்டுவார்கள் அல்லவா, அதை மட்டும் எடுத்தோம். அது தசமக் கணக்கு. 2.20 என்றால் நூறு கட்டி ஜெயித்தால் 220 கையில் வரும், அதில் நூறு நம்முடையது.

முதல் இருபது ஆட்டம் முடிந்தபோது எனக்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஹைதராபாத்தில் போய் லக்னோ ஜெயித்தது. மார்ச் 28-ஆம் தேதி சேப்பாக்கத்தில் பெங்களூரு ஜெயித்தது, அதுவும் 50 ரன்னில். 2008-க்குப் பிறகு அந்த மைதானத்தில் அவர்கள் சென்னையை ஜெயித்ததே இல்லை. தெருவே எழவு வீடு மாதிரி இருந்தது. என் அக்கா மகன் மட்டும் மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். இருபதில் பதினொன்று சப்பை டீமுக்கு. கட்டியதாக எழுதியது 2,000 ரூபாய், திரும்பியதாக எழுதியது 2,560. இரண்டு வாரத்தில் 560 லாபம். நூற்றுக்கு 28.

“பார்த்தீங்களா மாமா?”

பார்த்தேன். ஆனால் ஒன்று உறுத்தியது. எந்த வியாபாரத்திலும் இரண்டு வாரத்தில் நூற்றுக்கு 28 கிடைக்கிறது என்றால் அந்த வியாபாரத்தை நமக்கு முன்னால் நாலு பேர் செய்துகொண்டிருப்பார்கள்.

ஏப்ரல் 15 வந்தது. கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் வரிசையாக நிற்கும். பெயின்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள், இன்ஜினைப் பிரித்துப் போடுவார்கள். ஐஸ் கடையில் பாதி நாள் வேலை இருக்காது. ஐபிஎல் சீசனும் தடைக்காலமும் ஒன்றாக வருவதை இத்தனை வருடம் நான் யோசித்ததில்லை. கையில் வருமானம் இல்லாத, நேரம் மட்டும் இருக்கிற இரண்டு மாதத்தில்தான் தினமும் சாயங்காலம் ஏழரை மணிக்கு ஒரு ஆட்டம் வருகிறது. படகில் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. எனக்குக் கிடைத்த நேரத்தில் நான் புளியங்கொட்டை எண்ணினேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே எண்ணினேன். பல்லாங்குழிக்குச் சேர்த்து வைப்பதுபோல நூறு கொட்டை சேர்த்து, அதில் 43-ஐ மட்டும் தரையில் உரசி ஒரு பக்கம் வெள்ளையாக்கினேன். எல்லாவற்றையும் ஒரு துணிப்பைக்குள் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுப்பது, வெள்ளை என்றால் சப்பை டீம் ஜெயித்தது என்று எழுதுவது, மறுபடி உள்ளே போட்டுக் குலுக்குவது. உரசின பக்கம் விரலுக்கு வழவழப்பாகத் தெரியும் என்பதால் ஒரு கரண்டியால் எடுத்தேன். என் மனைவி ஒரு நாள் பூராவும் பார்த்துவிட்டு, “ரசத்துக்குக் கரைச்ச புளிக்கு இவ்ளோ மரியாதையா?” என்றாள்.

ஏன் 43? இங்கேதான் மொத்த விஷயமும் இருக்கிறது.

ஒரு ஆட்டத்தில் பெரிய டீமுக்கு 1.65, சப்பை டீமுக்கு 2.20 என்று ரேட் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் ஜெயித்தாலும் கையில் நூறு ரூபாய் வர வேண்டும் என்றால் பெரிய டீம் மேல் எவ்வளவு கட்ட வேண்டும்? நூறை 1.65-ஆல் வகுத்தால் 60 ரூபாய் 61 காசு. சப்பை டீம் மேல் நூறை 2.20-ஆல் வகுத்தால் 45 ரூபாய் 45 காசு. இரண்டையும் கூட்டினால் 106 ரூபாய் 6 காசு. அதாவது நூறு ரூபாய் நோட்டை 106 ரூபாய் கொடுத்து வாங்குகிறோம். அந்த ஆறு ரூபாய்தான் தரகு. ஏலத்தில் மீன் விலை ஏறினாலும் இறங்கினாலும் நடுவில் நிற்பவருக்குத் தரகு உண்டு அல்லவா, அதே மாதிரி. ஆனால் ஏலத்தில் தரகு எவ்வளவு என்று இரண்டு பக்கமும் தெரியும். இங்கே அது ரேட்டுக்குள்ளேயே கரைத்து வைக்கப்பட்டிருக்கிறது, ஐஸ் தண்ணீரில் கரைந்த மாதிரி.

2.20 ரேட்டில் கைக்காசு போகாமல் இருக்க, நூற்றில் 45 அல்லது 46 முறை சப்பை டீம் ஜெயிக்க வேண்டும். தரகை எடுத்துவிட்டுப் பார்த்தால் அந்த ரேட் போட்டவர் மனதில் இருக்கும் உண்மையான வாய்ப்பு ஏறக்குறைய 43. இடைவெளி இரண்டு மூன்றுதான். அந்த இரண்டு மூன்றை நம்மால் வெல்ல முடியுமா என்பதே கேள்வி. சப்பை டீம் ஜெயிக்குமா ஜெயிக்காதா என்பது கேள்வியே இல்லை. அது அடிக்கடி ஜெயிக்கத்தான் செய்யும். பையன் முதல் நாள் என்னிடம் சொன்ன முதல் காரணம் முழுக்க உண்மை, ஆனால் அதில் ஒரு காசு பிரயோஜனம் இல்லை. அது ரேட்டுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

சரி, கொட்டைக்கு வருகிறேன். அறுபது முறை எடுத்தால் ஒரு சீசன். அப்படிப் பத்து சீசன் ஆடினேன், நாலு நாள் பிடித்தது. ஒவ்வொரு வெள்ளைக்கும் 220, ஒவ்வொரு எடுப்புக்கும் செலவு 100. பத்தில் மூன்று சீசன் லாபத்தில் முடிந்தது. ஒரு சீசனில் 32 வெள்ளை வந்து 1,040 ரூபாய் லாபம். இன்னொன்றில் இருபதே வெள்ளை, 1,600 நட்டம். ஒரே பை, ஒரே கொட்டைகள். நீண்ட காலத்தில் நூற்றுக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் கண்டிப்பாகப் போகும் என்று நானே உரசி வைத்த கொட்டைகள். அப்படியும் பத்தில் மூன்று முறை லாபம் காட்டியது.

அந்த மூன்றில் ஒன்று மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் நானும் கேரம் போர்டு பக்கத்தில் போய் நின்று சிஸ்டம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

பையனிடம் இதைக் காட்டினேன். இருபது ஆட்டத்தில் பதினொன்று ஜெயிப்பதெல்லாம் அதிசயமே இல்லை, கொட்டையே அதைச் செய்யும் என்றேன். “கொட்டைக்கு கிரிக்கெட் தெரியுமா மாமா?” என்று கேட்டான். அது கேலிதான், ஆனாலும் நியாயமான கேள்வி. அவனுடைய இரண்டாவது காரணம், பாசத்தில் கட்டுகிற பணம் ரேட்டைக் கோணலாக்கும் என்பது, கொட்டையில் இல்லை. அதைச் சோதிக்க உண்மையான ஆட்டம்தான் வேண்டும். எத்தனை ஆட்டம் என்று கணக்குப் போட்டேன். நூற்றுக்கு ஐந்து ரூபாய் அளவுக்கு லாபமோ நட்டமோ இருக்கிறது, அது வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, இந்த ரேட்டில் ஏறத்தாழ 1,900 ஆட்டம் வேண்டும். ஒரு சீசனுக்கு 74 ஆட்டம் என்றால் 25 வருடத்துக்கு மேல். ஐபிஎல் தொடங்கியதே 2008-ல். இதைப் படிக்கிற யாராவது ‘என் சிஸ்டம் ரெண்டு மாசமா வேலை செய்யுது’ என்று சொல்பவரைச் சந்தித்தால் இந்த ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குதிரைப் பந்தயத்தில் இந்த வேலையை ஏற்கெனவே செய்திருக்கிறார்கள். 1949-ல் கிரிஃபித் என்ற அமெரிக்க உளவியலாளர் பந்தய முடிவுகளை எடுத்துக் கணக்குப் பார்த்தார். ஜெயிக்க வாய்ப்பே குறைவான குதிரைகள் மேல் மக்கள் தேவைக்கு மேல் கட்டுகிறார்கள், ஃபேவரிட் மேல் தேவைக்குக் குறைவாகக் கட்டுகிறார்கள் என்று தெரிந்தது. பிறகு வந்த பல ஆய்வுகளிலும் பல நாட்டுப் பந்தயங்களில் இதே சாய்வுதான். அதாவது பெரிய ரேட் இருக்கும் குதிரை மேல் போடும் நூறு ரூபாயில், ஃபேவரிட் மேல் போடும் நூறை விட அதிகம் கரையும். பாசம் ரேட்டைக் கோணலாக்குகிறது என்று பையன் சொன்னது உண்மைதான். ஆனால் ஜனங்களின் பெரிய பாசம் சென்னை மேலோ மும்பை மேலோ இல்லை. அதிசயத்தின் மேல். என் அப்பாவுக்கு இருந்ததும் அதே பாசம்தான், அவர் மாதிரி ஆயிரக்கணக்கானவர்கள் கூண்டுக்கு முன் வரிசையில் நின்றதால் அவருடைய அவுட்சைடரின் ரேட் இருக்க வேண்டியதை விடக் குறைந்தே இருந்திருக்கும். இதை அவர் இருக்கும்போது தெரிந்துகொண்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. சொன்னாலும் சட்டை மாற்றியிருப்பார்.

அதிசயங்கள் நடக்காமல் இல்லை. 1983 உலகக் கோப்பைக்கு முன் இந்தியாவுக்கு 66-க்கு 1 ரேட், அதாவது ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் 66 லாபம். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ், மைக் டைசனைப் பத்தாவது சுற்றில் சாய்த்தபோது ரேட் 42-க்கு 1. குத்துச்சண்டை என்றால் உயிரை விடும் எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் அந்தச் சண்டையை நேற்று நடந்த மாதிரி சொல்வார்கள். 1981 ஹெடிங்லி டெஸ்டில் இங்கிலாந்துக்கு 500-க்கு 1 என்று ரேட் போக, எதிரணியில் ஆடிக்கொண்டிருந்த ஆஸ்திரேலியர்கள் லில்லியும் மார்ஷுமே ஆளுக்குக் கொஞ்சம் இங்கிலாந்து மேல் கட்டி ஜெயித்தார்கள். இப்போது நடந்தால் தடை விழும். இந்த மூன்றையும் எங்கள் டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதே ரேட்டில் கட்டித் தோற்ற ஆட்டங்களில் மூன்றைச் சொல்லச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

இதற்கு நடுவே நோட்டில் ஒரு கூத்து. சென்னை தோற்றுக்கொண்டே போனது. ஏப்ரல் 11 அன்று சேப்பாக்கத்தில் 20 ஓவரில் 103 ரன், கொல்கத்தா சிரித்துக்கொண்டே அடித்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் ரேட்டில் சென்னையே சப்பை டீம் ஆகிவிட்டது. பாசத்தை விட்டுவிட்டு ரேட்டை வாங்குவோம் என்று சொன்ன பையனின் சிஸ்டம், இப்போது ஆட்டத்துக்கு ஆட்டம் சென்னை மேல் கட்டச் சொன்னது. அவனுக்கு ஏக சந்தோஷம், மனசாட்சி உறுத்தாமல் சொந்த டீமுக்குக் கட்டலாம். அந்த சீசனில் சென்னை 14-ல் நாலுதான் ஜெயித்தது, வரலாற்றிலேயே முதல் முறையாகக் கடைசி இடம். சிஸ்டம் பாழாய்ப் போனதற்கு என் டீமே பாதிக் காரணம் என்பது எனக்கு இரட்டைத் துக்கம்.

மே 9 அன்று எல்லைப் பதற்றத்தால் ஒரு வாரம் ஆட்டங்கள் நின்றன. மூன்று ஆட்டம் மழையில் முடிவில்லாமல் போனது. பதினோரு ஆட்டத்துக்கு டாஸுக்கு முன் நான் ரேட் எழுதத் தவறிவிட்டேன். அதில் இரண்டு, கரன்ட் போனதால். எழுதாததில் பையனுக்குச் சாதகமான ஆட்டம் நாலைந்து இருந்தது, சேர்த்துக்கொள்ளச் சொன்னான், சேர்க்கவில்லை. ஜூன் 3 இறுதி ஆட்டம் முடிந்தபோது நோட்டில் அறுபது வரி. ஜெயித்தது 25. கட்டியது 6,000, திரும்பியது 5,640. நட்டம் 360 ரூபாய். நூற்றுக்கு ஆறு. தரகு எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு. அறுபது ஆட்டத்தில் இப்படிப் பொருந்துவதும் ஒரு தற்செயல்தான், இதை வைத்து நான் ஜெயித்துவிட்டதாக மார்தட்ட முடியாது.

நானும் அப்பாவி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நட்டம் என்று தெரிந்த ராத்திரி, நோட்டை வைத்துக்கொண்டு பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். சொந்த ஊரில் ஆடும் சப்பை டீம், வெளியூரில் ஆடும் சப்பை டீம், இரண்டாவதாக பேட் செய்த சப்பை டீம், ரேட் 2.50-க்கு மேல், கீழ், மதிய ஆட்டம், ராத்திரி ஆட்டம். பன்னிரண்டு விதமாகப் பிரித்தேன். நாலில் லாபம்! ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டங்களில் சப்பை டீம் ஏழுக்கு ஐந்து. மதிய வெயில், பனி விழாது, ஸ்பின் எடுபடும், அதனால்தான் என்று காரணமும் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச நேரம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு கொட்டை நோட்டை எடுத்து அதையும் பன்னிரண்டாகப் பிரித்தேன், ஏழாவது எடுப்பு, பதினான்காவது எடுப்பு என்று. அதிலும் மூன்று நாலில் லாபம் வந்தது. கொட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. விதியை முதலில் எழுது, பிறகு ஆட்டத்தைப் பார் என்று அவனுக்குச் சொன்ன நானே ஆட்டத்தைப் பார்த்துவிட்டு விதி எழுதிக்கொண்டிருந்தேன்.

இனி சொல்லப்போவதை எழுதலாமா என்று யோசித்தேன். அவனிடம் கேட்டேன், பெயர் இல்லாமல் எழுதுங்கள் என்றான்.

ஏப்ரல் பாதிக்கு மேல் நோட்டில் சப்பை டீம் தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்றது. அந்த வாரம் பையன் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஏழாவது ஆட்டம் முடிந்த ராத்திரி பதினொன்றரை மணிக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தான். நோட்டைக் கேட்டான். பார்த்தான். அப்புறம் சொன்னான். முதல் இருபதைப் பார்த்ததிலிருந்தே அவன் நிஜமாகக் கட்டிக்கொண்டிருந்தானாம், தெரிந்த ஒருவன் மூலமாக. முதலில் நூறு நூறாக. தோற்க ஆரம்பித்ததும் யாரோ சொன்ன மாதிரி இரட்டிப்பாக. நூறு போனால் இருநூறு, அது போனால் நானூறு. எப்போது ஜெயித்தாலும் போனதெல்லாம் மொத்தமாகத் திரும்பிவிடும் என்ற கணக்கு. நூறு, இருநூறு, நானூறு, எண்ணூறு, ஆயிரத்து அறுநூறு, மூவாயிரத்து இருநூறு. ஆறு ஆட்டத்தில் 6,300 ரூபாய். அதில் ஐயாயிரம், அக்கா சீட்டுக்குக் கட்டச் சொல்லிக் கொடுத்த பணம்.

ஏழாவதுக்கு 6,400 வேண்டும். அவனிடம் இல்லை. ஏழாவது ஆட்டத்தில் சப்பை டீம் ஜெயித்தது.

“6,400 மட்டும் இருந்திருந்தா மாமா…”

நான் கோபப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த ராத்திரி கத்தி எந்தப் பயனும் இல்லை என்று தெரிந்தது, ஏனென்றால் அவன் தோற்றதாகவே நினைக்கவில்லை. காசு பற்றாமல் போனதாக நினைத்தான். சிஸ்டம் சரி, பை சின்னது. அடுத்த முறை பெரிய பையோடு வருவான். அதனால் கணக்கு எழுதினேன். அந்த ஏழாவது ஆட்டத்துக்கு ரேட் 2.10. 6,400 கட்டியிருந்தால் லாபம் 7,040. அதில் முன்னால் போன 6,300-ஐக் கழித்தால் மிச்சம் 740 ரூபாய். “12,700 ரூபாயைத் தெருவுல வெச்சு நீ பிடிக்கப் பார்த்தது 740 ரூபா. இந்த ரேட்டுல எவனாவது கடன் கொடுப்பானா?” என்றேன். படகில் போகிறவர்களுக்கு அரசு கொடுக்கும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு இரண்டு மாதத்துக்கு. இரட்டிப்பு வழியில் போனால் அந்த மொத்தப் பணமும் ஆறு ஆட்டத்துக்குத்தான் தாங்கும், ஏழாவதில் கை நீட்ட வேண்டும். ஆறு தோல்வி அடுத்தடுத்து வருவது அபூர்வம் என்றான். கொட்டை நோட்டைக் காட்டினேன். பத்து சீசனில் ஆறு சீசனில் எங்கேயாவது ஒரு இடத்தில் அது வந்திருந்தது.

ஏழாவது ஜெயித்ததுதான் கெடுதல் என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவும் தோற்றிருந்தால் அவனுக்குப் பேச ஒன்றும் இருந்திருக்காது.

அக்காவிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவள் அழவில்லை, “அப்பா மாதிரியே” என்று மட்டும் சொன்னாள். சீட்டுக்காரம்மாவிடம் நான் ஐயாயிரத்தைக் கட்டினேன், அவன் எனக்கு வாரம் ஐந்நூறு தர வேண்டும் என்று பேச்சு. பணத்தை விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: அவன் போனில் அந்த ஆளின் நம்பரை என் முன்னால் அழிக்கச் சொன்னேன், சம்பளம் அக்காவின் கணக்குக்கு வரும்படி செய்தோம், கேரம் போர்டில் இருக்கும் இரண்டு பெரியவர்களிடம் விஷயத்தைச் சொல்லி வைத்தோம். மறைத்து வைத்தால்தான் இரட்டிப்பு ஆகிறது. நீங்களும் இப்படி ஒரு சோதனை செய்ய நினைத்தால் தாராளமாகச் செய்யுங்கள், நல்ல படிப்பு அது. ஆனால் கூட இருப்பவன் முதல் இருபது வரியைப் பார்க்காமல் நோட்டை மூடி வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த பெரிய தப்பு அதுதான். லாபம் வந்த பக்கத்தை அவனிடம் காட்டினேன்.

ஜூன் 14 நள்ளிரவு தடை முடிந்து படகுகள் போயின. அந்த வாரம் ஐஸ் கடையில் மூச்சு விட நேரமில்லை. நோட்டில் மீதி இருந்த பக்கங்களில் ஐஸ் கணக்கையே எழுதிவிட்டேன், வீணாக்குவானேன். பையன் எட்டு வாரம் தவறாமல் ஐந்நூறு கொடுத்தான். ஒன்பதாவது வாரம் வந்தவன், பணத்தைக் கொடுத்துவிட்டு நோட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டான். கொடுத்துவிட்டு நான் பாக்கி வசூலுக்குக் கிளம்பினேன். திரும்பி வந்தபோது நோட்டு மேஜை மேல் இருந்தது, அவன் போயிருந்தான்.

பிரித்துப் பார்த்தேன். ஆறு தோல்விக்கு அடுத்த அந்த ஏழாவது வரியின் கீழே நீல மையில் ஒரு கோடு. நான் சிவப்பு மையில்தான் கோடு போடுவேன்.